மறுமொழி: 'வேரிங் ஆஃப்' – 'வற்றம்' சரிவருமா?

குழுமத்தாருக்கு வணக்கம். பார்க்கின்சன் நோய்க்கான மாத்திரையின் பலன் அடுத்த வேளைக்கு முன்பே தீர்ந்துபோவதை ஆங்கிலத்தில் 'வேரிங் ஆஃப்' என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம், 'வற்றம்' சரிவருமா என்று பேசும் இந்த இழையை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் பங்குக்குச் சில வரிகள்.

> 'மருந்தின் வீரியக் குறைவு' என்றே வைத்துவிடலாமே. எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். 'வீரியக் குறைவு' என்றதும் பஸ் ஸ்டாண்டுச் சுவர் விளம்பரம்தான் நினைவுக்கு வருகிறது. அது போகட்டும். மாத்திரை பழசோ போலியோ என்று மருந்துக்கடையில் சண்டைக்கு நிற்பார்கள். பார்க்கின்சன் நோயில் குறை மாத்திரையில் இல்லை. அதற்குக் கொடுக்கும் லெவோடோப்பா மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாக இறங்க ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். தொடக்கத்தில், மூளையில் மிஞ்சியிருக்கும் செல்கள் அதை உடல் அசைவுக்கு வேண்டிய டோப்பமின் என்ற பொருளாக்கி இருப்பு வைத்துக்கொள்கின்றன. அதனால் மூன்று வேளை மாத்திரை நாள் முழுக்கத் தாங்குகிறது. வருடங்கள் போகப்போக அந்தச் செல்களும் அழிகின்றன. தூர்ந்த ஊருணியில் எத்தனை மழை பெய்து என்ன? அடுத்த வேளை வருவதற்குள் நடுக்கமும் இறுக்கமும் திரும்பிவிடுகின்றன.

> 'மருந்து முறிவு'? அல்லது 'வற்றல்'?

முறிவு என்றால் விஷமுறிவு. வற்றல் என்றால் எங்கள் மாவட்டத்தில் முண்டு மிளகாய். இரண்டும் வேண்டாம்.

'வற்றம்' நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை, அப்பா சொன்னது. பாம்பனில் நாற்பது வருடம் வள்ளத்தில் போனவர். நோய் வந்து எட்டு வருடம் ஆகிறது. மதுரையில் மருத்துவர் "எப்பெப்போ ஆஃப் ஆகுது?" என்று கேட்டபோது திருதிருவென்று விழித்தார். பிறகு ஒருநாள் காலை பதினோரு மணிவாக்கில் திண்ணையிலிருந்து எழ முடியாமல், "வத்தமாயிருச்சுப்பா, இனி ஏத்தம் வந்தாத்தான்" என்றார்.

எங்கள் வடகடலில் ஏற்றவற்றம், அதாவது கடல்நீர் ஏறுவதும் இறங்குவதும், பெரிதாக இராது. ஆனால் கரையோரம் ஆழமே கிடையாது. ஒரு முழம் நீர் இறங்கினாலே வள்ளம் தரைதட்டிவிடும், எத்தனை பேர் தள்ளினாலும் அசையாது. அப்பாவையும் அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுத்தால் இன்னும் இறுகிப்போவார். மாத்திரையைக் கொடுத்துவிட்டு அரைமணி, முக்கால்மணி பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் தானாகவே எழுந்து நடப்பார்.

இன்னொரு வசதி, 'ஏற்றம்', 'வற்றம்' என்று ஜோடியாக வைத்தால் கிளைச்சொற்களும் கிடைக்கின்றன. எங்கள் வீட்டில் மீன் இல்லாத நாள் குறைவு. புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்கள் சிலவும் லெவோடோப்பாவும் குடலிலும் மூளையின் வாசலிலும் ஒரே வழியில் நுழையப் பார்த்து முட்டிக்கொள்கின்றன. மதியம் மீன்குழம்புச் சோற்றோடு மாத்திரை போட்டால் சில நாள் பலன் ரொம்ப நேரம் கழித்துத்தான் தெரியும். சில நாள் தெரியவே தெரியாது. முதலாவதை 'ஏற்றத் தாமதம்' என்றும் அடுத்ததை 'ஏறாமை' என்றும் சொல்லலாம். இப்போது மருத்துவர் சொன்னபடி சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் மாத்திரை. ஒரு நோட்டில் மணிவாரியாக 'ஏ', 'வ' என்று அம்மா குறித்துவைக்கிறார். அதைப் பார்த்துத்தான் மருத்துவர் நான்கு வேளையை ஐந்தாகப் பிரித்தார்.

> கடல் நேரம் தவறாது. ஆஃப் சொல்லாமல் கொள்ளாமலும் வருகிறதே?

சரியான மறுப்பு. வேளை முடியும் தறுவாயில் வருவதற்கு மட்டும் 'வற்றம்' போதும். திடீரென வருவதை இதில் சேர்த்தால் நோட்டே குழம்பிவிடும், அதற்குத் தனிச்சொல் வேண்டும்.

அப்புறம், மருந்து உச்சத்தில் இருக்கும்போது உடம்பு தன்னிச்சையாக ஆடுகிறதே, டிஸ்கைனீசியா, அதற்கு அப்பா பெயர் எதுவும் வைக்கவில்லை. அம்மா 'நெளியுறாரு' என்கிறார். நான் 'நெளிவு' என்று எழுதிவைத்திருக்கிறேன். 'உதறல்' என்று போட்டால் நடுக்கத்தோடு கலந்துவிடும். குழுமத்தில் இருக்கும் மருத்துவர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து