ரீஃபிட் செய்த ஸ்டீல் பாய்மரப் படகு: குடும்பத்தோடு நீண்ட தூரம் போக வாங்கலாமா?

அலைமேல் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் (ஒன்பது வயது, ஆறு வயது) இரண்டு மூன்று வருடம் படகிலேயே இருந்து, அட்லாண்டிக்கைக் கடந்து, எல்லாம் சரியாகப் போனால் பசிபிக் தீவுகள் வரை போகலாம் என்று யோசனை. இப்போது கண்ணில் பட்டிருப்பது 1984-இல் கட்டிய ஒரு ஸ்டீல் கெட்ச் (இரண்டு பாய்மரக் கம்பம் உள்ள படகு). நீளம் 12.8 மீட்டர், எடை 16 டன், காக்பிட் (படகை ஓட்டும் இடம்) நடுவில், முழு நீளக் கீல் (அடியில் நீண்டு நிற்கும் முதுகெலும்பு). இப்போதைய உரிமையாளர் ரீஃபிட் செய்து வைத்திருக்கிறார்: இஞ்சின் புதுசு, சோலார், லித்தியம் பேட்டரி, உள்ளே மரவேலை முழுக்கப் புதுசு, சமையலறை பார்த்தவுடனே என் மனைவிக்குப் பிடித்துவிட்டது. முன்பக்கம் பிள்ளைகளுக்குத் தனி கேபின், நாங்கள் பின் கேபினில்.

விசாரித்த இடத்திலெல்லாம் இரண்டு விதமான பதில் வருகிறது. ஸ்டீல்தான் பாதுகாப்பு, வேறு எதையும் தொடாதே என்று ஒரு கூட்டம். துருவோடு மல்லுக்கட்டியே வாழ்க்கை போய்விடும், ஃபைபர்கிளாஸ் வாங்கு என்று இன்னொரு கூட்டம். வாங்குவதற்கு முன்னால் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்? வேகம் ரொம்பக் குறைவாக இருக்குமா?

துருசுரண்டி:

சமையலறையை ஓரமாக வையுங்கள். ஸ்டீல் படகு வெளித்துருவால் போவது அபூர்வம். வெளியே வரும் துரு இரண்டே நாளில் பழுப்பாக வழிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், சுரண்டி எபாக்ஸி பிரைமர் அடித்தால் கதை முடிந்தது. படகைத் தின்பது உள்ளிருந்து வரும் துருதான். ஹேட்ச் (மேல்தளத்துத் திறப்பு மூடி) ஓரத்தில் கசிகிற தண்ணீர், தகட்டின் உள்பக்கம் வியர்த்து இறங்கும் ஈரம், நங்கூரச் சங்கிலியோடு வருகிற உப்புத் தண்ணீர், குளியலறை வடிகால் எல்லாம் கீழே பில்ஜுக்கு (படகின் அடிக்குழிக்கு) ஓடி வர வேண்டும். அதற்காகத்தான் விலாச் சட்டங்களின் அடியில் சின்னச் சின்ன ஓட்டைகள் விட்டிருப்பார்கள். அதில் ஒன்று அடைத்துக்கொண்டால் போதும், அங்கே தண்ணீர் வருடக்கணக்கில் நிற்கும், மேலே புது மரப்பலகை இருந்தால் யாருக்கும் தெரியாது.

அதனால் ரீஃபிட் என்ற சொல்லைக் கேட்டதும் நான் கேட்கிற முதல் கேள்வி, என்ன புதுசாகப் போட்டீர்கள் என்பது இல்லை. புது மரவேலை போடுவதற்கு முன் உள்ளே தகடு தெரிகிற வரைக்கும் எல்லாவற்றையும் கழற்றினீர்களா, அதற்குப் படம் இருக்கிறதா என்பதுதான். கழற்றி, மணல் வீச்சு அடித்து அல்லது ஒழுங்காக அரைத்து, பல அடுக்கு எபாக்ஸி போட்டு, அதற்கப்புறம் மரவேலை செய்திருந்தால் உங்கள் 1984 படகுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. பழைய துரு மேல் புது பலகை அடித்திருந்தால், விரிசல் விட்ட சுவருக்கு வெள்ளையடித்து விற்கிற வீடுதான் அது.

அல்ட்ராசவுண்ட் கருவி வைத்துத் தகட்டின் தடிமனை அளக்கும் சர்வே கட்டாயம், காப்பீட்டுக்காரர்களும் பெரும்பாலும் அதைக் கேட்பார்கள். இந்த அளவுப் படகுகளில் அடிப்பகுதி 5 மில்லிமீட்டர், பக்கங்கள் 4, மேல்தளம் 3 என்ற மாதிரி இருப்பது சகஜம். மூலத் தடிமனில் கால் பங்கு போய்விட்டது என்றால் அந்தத் துண்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைப்பதுதான் வழக்கம். ஆனால் அந்தக் கருவி வைத்த புள்ளியை மட்டும்தான் அளக்கும். குழி விழுந்த துரு இரண்டு புள்ளிகளுக்கு நடுவில் இருந்தால் அறிக்கையில் எல்லா எண்ணும் அழகாக வரும், ஓட்டையும் வரும். சர்வேயர் உள்ளே புகுந்து சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்க்க வழி இருக்க வேண்டும்.

இன்னொன்று, பழைய தகட்டின் மேலேயே இன்னொரு தகட்டை வைத்து வெல்டிங் செய்த ஒட்டுப் பார்த்தால் உஷார். அவசரத்துக்குச் சரி, ரீஃபிட் என்று அதைச் சொல்லக்கூடாது. தளத்தில் தேக்குப் பலகை ஒட்டியிருந்தாலும் அதே சந்தேகம்தான், அடியில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

காற்றுவாக்கு:

நான் அந்த இன்னொரு கூட்டத்தைச் சேர்ந்தவன், அதனால் எதிர்க்கட்சி வாதத்தையும் கேளுங்கள். 16 டன் படகு மெல்லிய காற்றில் நகராது, இஞ்சினைப் போட வேண்டியிருக்கும். நீர்க்கோட்டு நீளம் (நீர்மட்டத்தில் படகின் நீளம்) சுமார் 10.5 மீட்டர் என்று வைத்தால் கணக்குப்படி உச்ச வேகம் ஏறக்குறைய 7.9 நாட் (மணிக்கு 7.9 கடல் மைல்), ஆனால் குடும்பத்தோடு, சாமானோடு, அலையோடு சராசரி 5 நாட்டுக்குக் கொஞ்சம் மேலே வந்தால் பெரிய விஷயம். அதாவது நாளுக்கு 125 கடல் மைல். கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்கு சுமார் 2,700 கடல் மைல், உங்களுக்கு 22 நாள் பிடிக்கும். நாளுக்கு 150 போகும் இலேசான ஃபைபர்கிளாஸ் படகுக்கு 18. நாலு நாள் வித்தியாசத்துக்காக யாரும் படகை மாற்ற வேண்டாம் என்று நானே சொல்வேன். காற்றை எதிர்த்து ஏறிப் போகும்போதுதான் கனமான கெட்ச் அழவைக்கும். உங்கள் வழி பெரும்பாலும் தடக்காற்று முதுகில் வீசுகிற வழி என்பதால் அது அவ்வளவாக உறுத்தாது.

என் உண்மையான ஆட்சேபம் பராமரிப்பு நேரம். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, மீன் சமைத்து, இரவுக் காவல் இருந்து, மீதி நேரத்தில் தினமும் பெயிண்ட் டப்பாவோடு சுற்ற உங்களுக்கு விருப்பமா? இல்லை என்றால் ஸ்டீல் வேண்டாம்.

துருசுரண்டி:

பெயிண்ட் டப்பா விஷயம் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் எதற்காக அந்தப் பாடு என்பதையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சு மாலுமி மொய்தெஸியேயின் 'ஜோஷுவா' ஸ்டீல் கெட்ச்தான், ஏறக்குறைய 12 மீட்டர், தனியாக உலகைச் சுற்றும் 1968-69 கோல்டன் குளோப் பந்தயத்தில் போனது. அதே படகு 1982 டிசம்பரில் மெக்சிகோவின் காபோ சான் லூகாஸ் புயலில் வேறு பல படகுகளோடு கரையில் வீசப்பட்டது. பாய்மரங்கள் ஒடிந்து, உடல் நசுங்கியது, ஆனாலும் இழுத்து மீட்டுச் சரிசெய்தார்கள். இன்று பிரான்சில் லா ரோஷெல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பவளப் பாறைகள் நிறைந்த பசிபிக் தீவுகளுக்குக் குழந்தைகளோடு போகிறவர் இதை எடைபோட வேண்டும். கடலில் மிதக்கும் கன்டெய்னரோ மரக்கட்டையோ மோதினால் ஸ்டீல் பெரும்பாலும் நசுங்கும், பிளக்காது.

மின்கசிவு:

யாரும் மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லையே. ஸ்டீல் படகில் புது சோலார், புது லித்தியம், புதுக் கருவிகள் என்றால் எனக்கு முதலில் வருவது சந்தோஷம் இல்லை, சந்தேகம். வயர் போட்டவர் ஃபைபர்கிளாஸ் படகு பழக்கத்தில் நெகட்டிவைப் படகின் உடலோடு சேர்த்து, எங்கோ ஓரிடத்தில் கசிவும் இருந்தால் அந்த மின்சாரம் தகட்டின் வழியாகக் கடலுக்குப் போகும். அது சாதாரணத் துரு இல்லை, வாரக்கணக்கில் தகட்டைத் தின்றுவிடும். சாதனங்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு வயர் போக வேண்டும், இஞ்சினின் ஆல்டர்னேட்டரும் சென்சார்களும்கூட உடலில் எர்த் ஆகாத வகையாக இருக்க வேண்டும். துறைமுகத்தில் கரை மின்சாரம் எடுக்கும்போது பாதுகாப்பு எர்த் வயர் உங்கள் படகைப் பக்கத்துப் படகுகளோடு இணைத்துவிடும், ஸ்டீலுக்குப் பதிலாகத் தாங்கள் கரைந்து அதைக் காக்கிற உங்கள் துத்தநாகக் கட்டிகள் அவர்களுக்காகக் கரையும். அதைத் தடுக்க ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (கரையோடு நேரடி வயர் இணைப்பு இல்லாமல் மின்சாரம் தரும் கருவி) இருக்கிறதா என்று கேளுங்கள்.

சோதிப்பது கஷ்டம் இல்லை. வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனை ஒன்றைக் கடலில் இறக்கி, மல்டிமீட்டரின் மறுமுனையைப் படகின் வெறும் உலோகத்தில் வையுங்கள். -800 மில்லிவோல்ட்டுக்கும் -1,050 மில்லிவோல்ட்டுக்கும் இடையில் இருந்தால் துத்தநாகம் தன் வேலையைச் செய்கிறது. -600 பக்கம் காட்டினால் ஸ்டீலுக்குக் காவலே இல்லை. ஒவ்வொரு சாதனமாகப் போட்டு அணைத்துப் பார்த்து எண் நகர்கிறதா என்று கவனியுங்கள், நகர்ந்தால் அங்கேதான் கசிவு. பில்ஜில் செம்பு வயர்த்துண்டு, பித்தளை ஸ்க்ரூ எதுவும் விழுந்து கிடக்கக்கூடாது என்பதும் இதே காரணத்தால்தான்.

ஆட்டோபைலட்டின் திசைகாட்டி எங்கே வைத்திருக்கிறார் என்றும் பாருங்கள். ஸ்டீலுக்கு நடுவில் கேபினில் வைத்தால் அது சாய்வுக்குச் சாய்வு ஒரு கதை சொல்லும். பாய்மரத்தில் உயரத்தில் வைப்பது ஒரு வழி.

நாலுபேர்_படகு:

பிள்ளைகளோடு ஸ்டீல் படகில் வாழ்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். கைப்பிடிக் கம்பி, ஓரத்தூண், கயிறு கட்டும் கட்டை எல்லாம் தளத்தோடு வெல்டிங் செய்தவை என்பதால் கசிவதும் இல்லை, ஆடுவதும் இல்லை. பிள்ளையின் பாதுகாப்புக் கயிற்றை எதில் மாட்டினாலும் எனக்கு நிம்மதி. ஓரத்தில் வலை கட்டிக்கொள்ளுங்கள். தளத்துக்கு வெளிர் நிறப் பெயிண்ட்தான் வேண்டும், வெப்ப மண்டலத்தில் அடர் நிறம் வெறுங்காலைச் சுட்டுவிடும்.

உள்ளே நீர்க்கோட்டுக்கு மேல் நல்ல இன்சுலேஷன் இல்லாவிட்டால் பிள்ளைகள் படுக்கும் இடத்தில் தகடு வியர்த்து மெத்தை பூஞ்சை பிடிக்கும். நுரை அடித்திருந்தால் ஒன்று நினைவில் வையுங்கள்: பாலியூரித்தேன் நுரை எரிந்தால் வரும் புகை விஷம். எங்கே வெல்டிங் செய்தாலும் உள்ளே அந்த இடத்தில் நுரையை அகற்றிவிட்டு, ஒருவர் தீயணைப்பானோடு உள்ளேயே நிற்க வேண்டும்.

அப்புறம், அலை பெரிதானால் முன் கேபினில் யாராலும் தூங்க முடியாது, பிள்ளைகள் நடு சலூனுக்கு (படகின் பொது அறைக்கு) வந்துவிடுவார்கள். அங்கே விழாமல் தடுக்கும் துணித் தடுப்போடு இரண்டு படுக்கை போட முடிகிறதா என்று பாருங்கள், அந்தத் தனி கேபினை நம்பி வாங்காதீர்கள். பெருங்கடலைக் கடக்கும்போது மூன்றாவது பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொள்ளுங்கள். இருவரில் ஒருவர் எப்போதும் பிள்ளைகளோடுதான் இருப்பீர்கள், இரவுக் காவல் ஒருவர் தலையில் விழும்.

அலைமேல்:

எல்லோருக்கும் நன்றி. உரிமையாளரிடம் கேட்டேன். பின் கேபின், இஞ்சின் அறை இரண்டையும் தகடு வரை கழற்றிப் பெயிண்ட் அடித்ததற்குப் படங்கள் அனுப்பினார், நன்றாகவே இருக்கிறது. முன் கேபினுக்கும் தண்ணீர்த் தொட்டிகளுக்கு அடியிலும் படம் இல்லை, அங்கே "பிரச்சினை எதுவும் இல்லாததால்" கழற்றவில்லையாம். முன் கேபின் தரைப்பலகை ஒட்டி ஸ்க்ரூ போட்டது, தூக்க வராது.

துருசுரண்டி:

நங்கூரச் சங்கிலிப் பெட்டிக்கு அடுத்த சுவர்தான் அந்த முன் கேபின். தண்ணீர் சேர முதல் இடமும் அதுதான், படம் இல்லாத இடமும் அதுதான். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் எழுத்தில் ஒரு நிபந்தனை போடுங்கள்: முன் கேபின் தரைப்பலகையையும் ஒரு தொட்டியையும் அவர் செலவில் தூக்கிக் காட்ட வேண்டும், சர்வேயர் அங்கே தட்டிப் பார்த்து, அளந்து, எழுத வேண்டும். ஒத்துக்கொண்டால் நல்ல ஆள், உள்ளே கொஞ்சம் துரு இருந்தாலும் விலை பேசி வாங்கலாம், வெட்டிப் புதுத் தகடு வைப்பது எந்த வெல்டருக்கும் தெரிந்த வேலை. பலகை பாழாகிவிடும் என்று இழுத்தடித்தால் வேறு படகு பாருங்கள். வாங்கினாலும் அந்தத் தரையை ஒட்டாதீர்கள், கையால் தூக்கக்கூடிய துண்டுகளாக வெட்டிப் போடுங்கள்.