கயிறு யார் பிடித்தது?

குழு: ஏர்வாடி வீடு
திங்கள் இரவு

முத்துலட்சுமி அத்தை: கார்த்தி மலையிலிருந்து விழுந்துவிட்டானாமே? கை போய்விட்டதாமே? யாராவது சொல்லுங்கள்

செல்வி: யார் சொன்னது அத்தை

முத்துலட்சுமி அத்தை: மண்டபம் ஊரில் மீன் எடுக்கப் போன இடத்தில். ஸ்டேட்டஸில் படம் இருக்கிறதாம். கயிற்றில் தொங்குகிறானாம். முட்டியெல்லாம் ரத்தமாம்

ராஜேந்திரன் சித்தப்பா: படம் நானும் பார்த்தேன். தொங்குவது உண்மை

பாண்டி: ஞாயிறு காதுகுத்து. பிள்ளை உட்கார தாய்மாமன் மடி வேண்டும். மாப்பிள்ளை எங்கே?

அம்மா: [குரல் பதிவு, 1:12]

செல்வி: அம்மா அழாதே. முழுதும் கேட்டேன். அவன் போன் அணைந்திருக்கிறது, திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்

தீபா: பெரியம்மா, பயப்படாதீர்கள். நேற்று இரவு இங்கே பெங்களூரில் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டான். இன்று மதியம் இறங்கிவிட்டேன் என்று செய்தி போட்டான். நன்றாக இருக்கிறான்

ராஜேந்திரன் சித்தப்பா: உனக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே தீபா

தீபா: சொன்னால் தடுப்பீர்கள் அப்பா

அப்பா: எந்த மலை

தீபா: சாவன்துர்கா. மாகடி பக்கம். பெங்களூருக்கு மேற்கே 60 கி.மீ. இருக்கும்

பாண்டி: வேன்காரர் இன்றைக்குள் ஆள் கணக்கு கேட்கிறார். 14 சீட். இதுவரை 13 பேர்

ராஜேந்திரன் சித்தப்பா: கறி 25 கிலோவா 30 கிலோவா, அதையும் சொல்லிவிடுங்கள்

செல்வி: கொஞ்சம் பொறுங்கள், முதலில் அவன் பேசட்டும்

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது, இப்போதுதான் போட்டேன். நான் விழவில்லை. கை இரண்டும் நன்றாக இருக்கிறது. ஓரிடத்தில் வழுக்கி முட்டி சிராய்ந்தது, அவ்வளவுதான். அம்மா, சத்தியமாக அவ்வளவுதான்

அம்மா: [குரல் பதிவு, 0:49]

கார்த்தி: சரிம்மா. சரி. இனிமேல் சொல்லிவிட்டுப் போகிறேன்

பாண்டி: தனியாகப் போகிறேன் என்றுதானே கிளம்பினாய் மாப்பிள்ளை

கார்த்தி: பைக்கில் தனியாகத்தான் மச்சான். போன செவ்வாய் விடியலில் கிளம்பி மதுரை, திண்டுக்கல், கரூர் வழியாகச் சேலத்தில் ஒரு ராத்திரி. மறுநாள் கிருஷ்ணகிரி, ஓசூர். கிருஷ்ணகிரி தாண்டும்போது சாலை ஓரத்திலேயே பாறை மலைகள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊரில் மலை என்றால் ராமேஸ்வரத்துக் கந்தமாதன பருவதம்தான், அதுவும் மணல்மேடு. வண்டியை ஓரம் கட்டிவிட்டு அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்

முத்துலட்சுமி அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். தனியாகப் போனவனுக்குக் கயிறு யார் பிடித்தது?

அப்பா: அதைத்தான் நானும் கேட்கிறேன்

அப்பா: கயிறு யார் பிடித்தது

கார்த்தி: பயிற்சியாளர் ஒருவர். பன்னிரண்டு வருஷமாகப் பாறை ஏறுகிற ஓர் அக்கா. வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் ராமநகரத்தில் சின்னப் பாறைகளில் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். முடிச்சு சரியாக வரும்வரை தரையைவிட்டுக் காலைத் தூக்க விடவில்லை

ராஜேந்திரன் சித்தப்பா: பொம்பளைப் பிள்ளையா

தீபா: அப்பா

ராஜேந்திரன் சித்தப்பா: கேட்டேன், அவ்வளவுதான்

கார்த்தி: சித்தப்பா, அவர் முன்னால் ஏறுகிறவர். முன்னால் ஏறுகிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். விளக்கமாகச் சொல்கிறேன், அப்போதுதான் அம்மாவுக்குப் பயம் போகும்.

சாவன்துர்கா முழுவதும் ஒரே கருங்கல். உச்சி கடல் மட்டத்திலிருந்து 1226 மீட்டர். அடிவாரத்தில் வீரபத்திர சாமி கோயில், நரசிம்மர் கோயில். இரண்டிலும் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்பினேன். கரிகுட்டா, பிளிகுட்டா என்று இரண்டு குன்று, கறுப்பு மலை, வெள்ளை மலை. நாங்கள் ஏறியது கறுப்பு. சுவர்போலச் செங்குத்து இல்லை, சாய்ந்த பாறைதான். ஆனால் கையால் பிடிக்க ஒன்றுமே இல்லை. பாதத்தை நம்பித்தான் நிற்க வேண்டும்.

கயிறு 60 மீட்டர்தான். பாறை அதைவிடப் பல மடங்கு. அதனால் துண்டு துண்டாக ஏற வேண்டும். ஒரு துண்டுக்குப் பிட்ச் என்று பெயர். ராமநகரத்தில் நான் ஏறியதெல்லாம் ஒரு பிட்ச், ஏறினால் உடனே தரைக்கு இறங்கிவிடலாம். இன்று ஏழு பிட்ச். இரண்டாவது முடிந்ததும் கீழே பார்த்தேன், என் பைக் தீப்பெட்டி அளவு இருந்தது

முத்துலட்சுமி அத்தை: முருகா

பாண்டி: பைக்கை யார் பார்த்துக்கொண்டது?

கார்த்தி: தேங்காய்க் கடைப் பாட்டி

கார்த்தி: முதலில் அக்கா ஏறுவார். நான் கீழே நின்று கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவேன். பாறையில் போல்ட் அடித்திருக்கிறது. ஒவ்வொரு போல்ட்டிலும் கொக்கி மாட்டி, அதில் கயிற்றை நுழைத்துக்கொண்டே போவார். 40 மீட்டர் போனதும் இரண்டு போல்ட் சேர்ந்த இடம் வரும், அதுதான் ஆங்கர். அங்கே தன்னைக் கட்டிக்கொண்டு, மிச்சக் கயிற்றை மேலே இழுத்து, எனக்குப் பிடிப்பார். அப்புறம் நான் அவர் மாட்டிய கொக்கிகளை எல்லாம் கழற்றிக்கொண்டே ஏற வேண்டும். ஆக, ஏறும்போது அவர் உயிர் என் கையில், அடுத்த அரை மணி என் உயிர் அவர் கையில். ஏழு தடவை மாற்றி மாற்றி

ராஜேந்திரன் சித்தப்பா: கயிறு என்ன கனம்

கார்த்தி: 9.8 மில்லி மீட்டர்

ராஜேந்திரன் சித்தப்பா: நங்கூரக் கயிறே அதைவிடத் தடிமன்

கார்த்தி: படகுக் கயிறு இதற்கு ஆகாது சித்தப்பா. அது இந்த அளவுக்கு இழுபடாது. விழுகிற ஆளை அது வெடுக்கென்று நிறுத்தினால் இடுப்பு போய்விடும். இது உள்ளே நைலான் இழைகள், மேலே பின்னிய உறை. எடை விழுந்தால் கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். கொக்கி ஒவ்வொன்றும் 2000 கிலோவுக்கு மேல் தாங்கும்

பாண்டி: நம் வேனைவிட அது உறுதி

செல்வி: வழுக்கியது எங்கே, அதைச் சொல்

கார்த்தி: ஐந்தாவது பிட்ச். பயம் வந்ததும் பாறையைக் கட்டிக்கொண்டேன். அதுதான் தப்பு. உடம்பு பாறையோடு ஒட்டினால் பாதத்தில் எடை நிற்காது, ரப்பர் அடி வழுக்கும். இடுப்பைப் பின்னால் தள்ளி, குதிகாலைத் தாழ்த்தி நின்றால் பிடித்துக்கொள்ளும். மூன்று நாள் சொல்லிக் கொடுத்தும் அந்த நேரத்தில் உடம்பு கேட்கவில்லை. ஒரு முழம் சறுக்கினேன். கயிறு பிடித்துக்கொண்டது. ஸ்டேட்டஸில் இருப்பது அந்தப் படம்தான், மேலேயிருந்து அக்கா எடுத்தார்

அம்மா: [குரல் பதிவு, 0:31]

செல்வி: படத்தை எடுத்துவிடச் சொல்கிறாள். பிள்ளையின் காதுகுத்து முடியும்வரை அதைப் பார்க்கக் கூடாதாம்

கார்த்தி: எடுத்துவிட்டேன்

தீபா: தேனீ விஷயத்தைச் சொன்னாயா?

முத்துலட்சுமி அத்தை: என்ன தேனீ

கார்த்தி: அங்கே பாறையில் மலைத்தேனீக் கூடுகள் உண்டு அத்தை. கலைந்தால் கூட்டமாகத் துரத்தும், கயிற்றில் கட்டுண்டிருக்கிறவன் ஓட முடியாது. அதனால் கூடு இருக்கிற பக்கமே போக மாட்டார்கள். செண்ட் போடக் கூடாது, கத்தக் கூடாது. விடியலில் தொடங்கியதுகூட பாறை சூடாவதற்குள் முடிப்பதற்காகத்தான்

ராஜேந்திரன் சித்தப்பா: சென்னையிலிருந்து வருகிறவர்கள் எந்த ரயில்? ராமநாதபுரத்தில் இறங்குவார்களா, நேராக ராமேஸ்வரமா?

பாண்டி: ராமேஸ்வரம் போக வேண்டும் என்கிறார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். தீர்த்தம் ஆடிவிட்டு வருவார்கள்

ராஜேந்திரன் சித்தப்பா: அப்படியானால் அவர்களை வேன் கணக்கில் சேர்க்க வேண்டாம்

அப்பா: கார்த்தி. கத்தக் கூடாது என்றால் மேலே இருக்கிறவளுக்கு எப்படிச் சொல்வாய்

கார்த்தி: அதைச் சொல்லத்தான் அப்பா இவ்வளவு நேரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்

கார்த்தி: நாலாவது பிட்ச்சில் பாறை வளைந்து போகிறது. அக்கா வளைவுக்கு அந்தப் பக்கம் போனதும் கண்ணுக்கு மறைந்துவிட்டார். கிழக்கேயிருந்து காற்று, நம் ஊர்க் கொண்டல் மாதிரி. குரல் எழுப்பினாலும் கேட்காது. கயிறு மட்டும் என் கையிலிருந்து போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியவில்லை. அவர் ஆங்கரில் கட்டிக்கொண்டிருக்கிறாரா, இல்லை நடுவில் மாட்டிக்கொண்டாரா, ஒன்றும் தெரியாது. நான் என் ஆங்கரில் கட்டியபடியே நிற்கிறேன். கழற்றவே கூடாது.

திடீரென்று மிச்சக் கயிறு எல்லாம் விறுவிறுவென மேலே போய் என் இடுப்பில் இறுகியது. அப்புறம் மூன்று இழுப்பு. அதுதான் நாங்கள் கீழே பேசி வைத்தது. மூன்று இழுப்பு என்றால் நான் பிடித்துவிட்டேன், நீ ஏறு என்று அர்த்தம்.

அப்பா, எனக்கு அந்த இடத்தில் தாத்தா ஞாபகம் வந்தது. அழுதுவிட்டேன். சின்ன வயதில் அப்பத்தா சொல்லும்போது கதை என்றுதான் நினைத்தேன்

அப்பா: எத்தனை இழுப்பு

கார்த்தி: மூன்று

அப்பா: உன் தாத்தாவுக்கு ஒரே இழுப்பு

செல்வி: அப்பா, எங்களுக்கும் முழுதாகச் சொல்லுங்களேன்

அப்பா: 1961-ல் தூத்துக்குடி முத்துச் சலாபத்துக்குப் போனார், முத்துக் குளிக்க. அதற்கப்புறம் சலாபமே நடக்கவில்லை, பிறகு சங்கு குளிப்பதுதான். கல்லில் காலை வைத்து இறங்குவார்கள். கல்லுக்கு ஒரு கயிறு, ஆளுக்கு ஒரு கயிறு. தரை தட்டியதும் கல்லை மேலே இழுத்துவிடுவார்கள். ஆள் கயிறு மட்டும் மிச்சம். மூச்சு முட்டும்போது ஒரு இழுப்பு. தோணியில் இருக்கிறவன் அதைத் தவறவிட்டால் முடிந்தது. அதனால் பேச மாட்டான், வெற்றிலை போட மாட்டான், வேறு பக்கம் திரும்ப மாட்டான். மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பான். இழுப்பு வராவிட்டாலும் எண்ணிக்கை தாண்டினால் தூக்கிவிடுவான்

முத்துலட்சுமி அத்தை: மச்சான்தான் பிடிக்க வேண்டும். தங்கச்சி தாலிக்கு அவன்தானே காவல்

பாண்டி: அப்படியென்றால் நான் கடலில் இறங்கினால் மாப்பிள்ளைதான் கயிறு பிடிக்க வேண்டும்

கார்த்தி: பிடிப்பேன் மச்சான். இப்போது ஒழுங்காகத் தெரியும்

அப்பா: அந்தச் சலாபம் முழுக்க என் மாமாதான் பிடித்தார்

செல்வி: அப்பா

முத்துலட்சுமி அத்தை: [இந்தச் செய்தி நீக்கப்பட்டது]

ராஜேந்திரன் சித்தப்பா: அக்கா, நீக்குவதற்கு முன் படித்துவிட்டேன். வள்ளம் விற்ற கணக்கை இங்கே எடுக்க வேண்டாம்

முத்துலட்சுமி அத்தை: கணக்கை நான் எடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக எடுக்காமல்தான் இருக்கிறோம். மாமாவுக்கு எண்பத்தாறு வயது. அண்ணன் காதுகுத்துக்கு மடியில் வைத்துக்கொண்டவர். அதை மட்டும்தான் எழுதினேன்

ராஜேந்திரன் சித்தப்பா: அவர் போட்ட பணத்துக்குச் சீட்டு இல்லை என்று சொன்னது நான் இல்லை

அப்பா: போதும்

தீபா: பெரியப்பா, அப்பத்தா தூங்கிவிட்டாரா?

அம்மா: [குரல் பதிவு, 0:22]

செல்வி: தூங்கவில்லையாம். அவன் பேசியதை அம்மா வாசித்துக் காட்டினாளாம். அந்தப் பெண்ணுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுக்கச் சொல்கிறாராம். கயிறு பிடித்தவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாதாம்

கார்த்தி: கட்டாயம். நாளைக்கே

பாண்டி: முட்டி எப்படி இருக்கிறது? பிள்ளை மடியில் துள்ளுவாள். மொட்டை போடும்போது இன்னும் துள்ளுவாள்

கார்த்தி: மேல் தோல்தான் மச்சான். உச்சியில் நந்தி மண்டபம் இருக்கிறது, அங்கே உட்கார்ந்து துடைத்துக் கட்டினேன். அப்புறம் ஆட்கள் நடந்து ஏறுகிற பாதை வழியாகவே இறங்கினோம். சேலம் வழியாக வந்து புதன் இரவு ஏர்வாடியில் இருப்பேன். கம்மல் வாங்கியாகிவிட்டது, பையில் பத்திரமாக இருக்கிறது

செல்வி: மலைக்கும் எடுத்துப் போனாயா?

கார்த்தி: தீபா வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன்

ராஜேந்திரன் சித்தப்பா: கறி

பாண்டி: 30 சொல்லுங்கள் சித்தப்பா. சீலா மீனும் கொஞ்சம் வேண்டும், கறி சாப்பிடாதவர்கள் நாலு பேர்

முத்துலட்சுமி அத்தை: நண்டு?

பாண்டி: குலசாமி கோயிலில் நண்டை எங்கே வைத்து உடைப்பது அத்தை

பாண்டி: வேன்காரர் மறுபடி கூப்பிடுகிறார். 13 தானே?

அப்பா: ஒரு ஆள் சேர்த்துக்கொள்

பாண்டி: யார் மாமா?

முத்துலட்சுமி அத்தை: முன் சீட்டை விட்டு வை பாண்டி. அவரால் பின்னால் ஏற முடியாது

அப்பா: நான் இன்னும் யாரையும் சொல்லவில்லை

செல்வி: பத்திரிகை இரண்டு மிச்சம் இருக்கிறது அப்பா

ராஜேந்திரன் சித்தப்பா: யார் கொண்டுபோய்க் கொடுப்பது

கார்த்தி: வியாழன் நான் சும்மாதான் இருப்பேன்

அப்பா: காலையில் பேசலாம்

பாண்டி: 14 என்று சொல்லிவிட்டேன்

அம்மா: [குரல் பதிவு, 0:08]

செல்வி: டேய் கார்த்தி, முட்டியில் மஞ்சள் வைத்துக்கொண்டு படுக்கச் சொல்கிறாள்