லாக்டிஃப்ளோரா செடி மழைக்கு மொத்தமா சாயுது, தோண்டி மாத்தலாமா?

மொட்டு_லீட்ஸ்:
மக்களே ஒரு ஹெல்ப். வேலியோரமா காம்பானுலா லாக்டிஃப்ளோரா (மணி மாதிரி பூக்குற செடி) வச்சிருக்கேன், லோடன் அன்னா, அந்த வெளிர் பிங்க் வெரைட்டி. ஜூன் கடைசி ஆச்சு, என் தோள் உசரம் வந்து கொத்து கொத்தா மொட்டு நிக்குது, ஆனா நேத்து அடிச்ச மழைல நடுவுல பொளந்துகிட்டு நாலா பக்கமும் படுத்துருச்சு. போன வருஷமும் இதே கதை. மதியத்துக்கு மேல நிழல் விழும், மார்ச்ல கோழி எரு பெல்லட் நல்லாவே போட்டேன், தண்ணிக்கும் குறையில்ல. தோண்டி வெயில் பக்கம் மாத்திடவா, இல்ல ஒட்ட வெட்டிடவா?

கொல்லைப்புறம்:
ரெண்டும் வேணாம்! இப்ப வெட்டினா இந்த வருஷப் பூ போச்சு. சுத்தி நாலஞ்சு மூங்கில் குச்சி ஊனி சணல் கயிறை ரெண்டு மட்டத்துல ஓட்டுங்க, தண்டையெல்லாம் சேத்து இறுக்கிடாதீங்க, விளக்கமாறு மாதிரி நிக்கும், காத்துப் போகாம மில்டியூ (இலைல படியற வெள்ளைப் பூஞ்சை) வேற வரும். காரணத்தை நீங்களே எழுதிட்டீங்க, நிழலும் எருவும்தான். நைட்ரஜன் ஏறினா தண்டு சரசரன்னு நீளும், பலம் இருக்காது. இலைமக்கு கொஞ்சம் போட்டாலே தாராளம். அடுத்த வருஷம் மே கடைசில, செல்சி ஃப்ளவர் ஷோ நடக்குற சமயத்துல, தண்டுல மூணுல ஒரு பங்கு நறுக்கி விடுங்க, பூ சில வாரம் தள்ளிப்போகும் ஆனா குட்டையா கிளைச்சு நிக்கும். நான் முன்பக்கத் தண்டை மட்டும்தான் வெட்டுவேன், பின்னாடி உள்ளது முதல்ல பூத்துடும், அது முடியற நேரத்துக்கு முன்னாடி உள்ளது ஆரம்பிக்கும்.

வடலி:
தோண்டினா என்ன நடக்கும் எண்டும் சொல்லுறன். இதுக்கு வேர் தடிப்பு, ஆழமாப் போகும், வளந்த செடியைக் கிளப்பினா கனகாலம் எழும்பாது. பூத்து முடிய விதை தானா விழுந்து முளைக்கும், அந்தக் கண்டைச் சின்னனிலயே வெயில் பக்கம் நடுங்கோ. ஆனா விதைக்கண்டு அதே பிங்கில வரும் எண்டு நம்பேலாது, நீலமும் வரலாம். நிறம் முக்கியமெண்டா வசந்தத்தில அடித்தளிரை வெட்டி வேர்பிடிக்க வையுங்கோ. ஸ்லக் (ஓடில்லாத நத்தை) கவனம், இளந்தளிர் எண்டா ஒரே ராத்திரியில முடிச்சுப்போடும்.

மொட்டு_லீட்ஸ்:
குச்சி ஊனியாச்சு, ரெண்டு தண்டு முறிஞ்சது, மத்தது நிமிந்துருச்சு. பூத்த கொத்தை வெட்டினா திரும்பப் பூக்குமா?

கொல்லைப்புறம்:
பூக்கும், ஆனா சின்னக் கொத்தாத்தான். வடலி சொன்ன விதைக்கு ஒரு தண்டை மட்டும் விட்டு வைங்க.