பையன் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்த புத்தகம்

(ஓர் அம்மாவின் பதிவும், அதற்கு மற்ற பெற்றோர் எழுதிய பதில்களும்)

நாலரை வயதுப் பையனின் அம்மா:

சென்ற வருடம், பையனுக்கு நாலரை வயதாக இருந்தபோது நடந்தது. கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போது துடைப்பத்தோடு ஒரு கதைப் புத்தகம் வெளியே வந்தது. அட்டையில் யானை. இரண்டு வாரமாக நான் தேடிக்கொண்டிருந்த புத்தகம். அவன்தான் ஒளித்து வைத்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். "அதுல நிறைய கேள்வி இருக்கும்மா" என்றான்.

அந்தப் புத்தகத்தில் ஒரு கேள்வியும் கிடையாது. கேட்டதெல்லாம் நான். யானை ஆற்றில் இறங்குகிற பக்கத்தில் அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் அங்கே நிறுத்தி, எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது என்ன எழுத்து? நேத்துதானே சொல்லிக் கொடுத்தேன்?" என்பேன். யானை கரையேறுமா என்பது அவன் கவலை. அவனுக்கு எழுத்து வந்துவிட்டதா என்பது என் கவலை. என் கவலைதான் எப்போதும் ஜெயித்தது.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் "படி" என்ற ஒரே சொல். போய்ப் படி, படிக்காமல் என்ன விளையாட்டு, படித்தால்தான் டிவி. நாள் முழுக்க அதட்டலோடு கேட்ட அதே சொல்லை ராத்திரி குழைந்துகொண்டு "வா கண்ணா, புத்தகம் படிக்கலாம்" என்றால் குழந்தை எப்படி நம்பும்? கதைப் புத்தகத்துக்கு அந்தச் சொல்லையே விட்டுவிட்டேன். இப்போது "கதைக்கு வர்றியா?" அவ்வளவுதான்.

கேள்வியே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1988இல் வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் இரண்டு, இரண்டரை வயதுக் குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரே சொல்லில் பதில் முடிகிற கேள்விகளைக் குறைத்துவிட்டு, படத்தைக் காட்டி "என்ன நடக்குது இங்க?" என்பது போலக் கேட்பது, குழந்தை சொன்னதோடு இரண்டு சொல் சேர்த்துத் திருப்பிச் சொல்வது. ஒரு மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளின் பேச்சைவிட முன்னேறியிருந்தது. நானும் கேள்விதான் கேட்டேன். ஆனால் என் கேள்வி ஒவ்வொன்றும் அவனுக்குப் பரீட்சையாக இருந்திருக்கிறது.

இரட்டைப் பெண் குழந்தைகளின் அப்பா:

உங்கள் பதிவைப் படித்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் தினமும் ஒரு மணி நேரமாவது வாசிப்பவன். ஆனால் எல்லாம் போனில். ஒரு நாள் மகள் வீட்டில் இருப்பவர்களை வரைந்தாள். நான் தலைகுனிந்து போனோடு நிற்கிறேன். "அப்பா என்ன பண்றேன்?" என்றால், "கேம் ஆடறீங்க" என்கிறாள். நான் நாவல் வாசித்தாலும் கேம் ஆடினாலும் குழந்தையின் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதானே?

வீட்டில் இருக்கும்போது காகிதப் புத்தகத்துக்கு மாறினேன். நல்ல இடம் வந்தால் வாய்விட்டே சிரித்தேன். மூன்றாம் நாள் ஒருத்தி மடியில் ஏறி, "எங்க சிரிச்சீங்க, காட்டுங்க" என்றாள். வரியைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு இன்னும் வாசிக்கத் தெரியாது. ஆனாலும் அந்த வரியைக் கிட்டே போய் உற்றுப் பார்த்தாள்.

மூன்று வயதுப் பெண்ணின் அம்மா:

எங்கள் வீட்டில் வேறு பிரச்சினை. தினமும் ஒரே புத்தகம்தான் வேண்டும் என்பாள். எனக்கு அலுத்துப்போய் இரண்டு பக்கத்தைச் சேர்த்துப் புரட்டினால், "பூனை வரலையே!" என்று பிடித்துவிடுவாள். புதுப் புத்தகங்களைத் திணித்துக்கொண்டே இருந்தேன், எல்லாம் மூலையில் கிடந்தன. அப்புறம்தான் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்து 2011இல் வெளியான ஓர் ஆய்வைப் பற்றித் தெரியவந்தது. மூன்று வயதுக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு அதே கதைகளைத் திரும்பத் திரும்பவும், மற்றவர்களுக்கு வெவ்வேறு கதைகளையும் வாசித்திருக்கிறார்கள். புதுச் சொற்கள் இரண்டு பிரிவினருக்கும் ஒரே எண்ணிக்கையில்தான் வந்தன. அதே கதையைக் கேட்டவர்கள்தான் அந்தச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து பக்கம் தாண்டுவதில்லை. பூனை தன் இடத்தில் வருகிறது.

ஏழு வயதுப் பையனின் அப்பா:

நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். ஒரு புத்தகம் முடித்தால் ஒரு ஸ்டிக்கர், பத்து சேர்ந்தால் பொம்மை என்று சுவரில் அட்டை ஒட்டினேன். முதல் வாரம் எனக்கே பெருமை தாங்கவில்லை. பிறகு கவனித்தேன், அவன் அலமாரியில் இருப்பதிலேயே ஒல்லியான புத்தகமாகப் பார்த்து உருவுகிறான். முன்பு ஒரு டைனோசர் புத்தகத்தை மணிக்கணக்காக வைத்திருப்பான். அது தடிமன் என்பதால் தொடவே இல்லை.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் செய்த சோதனையும் இதைத்தான் காட்டியது. ஸ்கெட்ச் பேனாவால் வரைவதை ஏற்கெனவே விரும்பிய சின்னக் குழந்தைகளில் சிலரிடம், வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். அடுத்த சில வாரங்களில் அவர்களுக்கு அந்தப் பேனாக்கள் மீதிருந்த ஆசை குறைந்துவிட்டது. சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களிடம் அந்தக் குறைவு இல்லை. அட்டையைக் கிழித்துவிட்டேன். ஆனால் புத்தகத்தை மூடியதும் இன்னமும் சில நாள் என் முகத்தைப் பார்க்கிறான். அதுதான் வலிக்கிறது.

நாலரை வயதுப் பையனின் அம்மா:

நீங்கள் சொல்வது புரிகிறது. என் பையனுக்கு இப்போது ஐந்து தாண்டிவிட்டது, தங்கைக்கு ஒன்றரை. போன வாரம் யானைப் புத்தகத்தை அவனே எடுத்து அவளுக்கு விரித்து வைத்தான். மனம் நிறைந்து கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பக்கத்தில் நிறுத்தி, எழுத்தின் மேல் விரலை வைத்து, "இது என்ன எழுத்து? நேத்துதானே சொன்னேன்?" என்றான். அச்சு அசல் என் குரல். சின்னவள் புத்தகத்தை மூடப் பார்த்தாள்.

நான் போய் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, ஆற்றுப் பக்கத்தைத் திறந்தேன். "இந்த யானை எதுக்குடா தண்ணிக்குள்ள இறங்குது?" என்று அவனிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அந்தப் பக்கம் அதோட அம்மா இருக்கு" என்றான். கதையில் அப்படி எதுவும் கிடையாது.