முழு டேங்க் நிரப்பியும் பெட்ரோல் மீட்டரின் முள் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டவில்லை: பழுது எங்கே?

கேள்வி

வணக்கம். சிங்கப்பூரில் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து தேக்கா கடைகளுக்கு விடியற்காலையில் காய்கறி ஏற்றிச் செல்லும் ஜப்பானியத் தயாரிப்பான பெட்ரோல் பிக்கப் லாரி ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். கடந்த இரண்டு மாதங்களாக அதன் பெட்ரோல் மீட்டரை நம்ப முடியவில்லை. டேங்கை வாய் வரை நிரப்பினாலும் முள் மூன்றில் இரண்டு பங்கோடு நின்றுவிடுகிறது. கால் டேங்க் அளவுக்கு இறங்கியபின், வண்டி குலுங்கும்போதெல்லாம் துடிக்கிறது. மழை பெய்த நாள்களில் இன்னும் கீழே காட்டுகிறது. வெப்பத்தைக் காட்டும் முள் மட்டும் சரியாக இருக்கிறது. எஞ்சினும் எந்தக் குறையும் இல்லாமல் ஓடுகிறது.

பட்டறையில் காட்டியபோது, எதையும் அளந்து பார்க்காமலேயே, டேங்கை இறக்கி பம்பையும் சேர்த்து முழுத் தொகுதியாக மாற்ற வேண்டும் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்ன தொகை எனக்குப் பெரியது. மாதம் ஒரு முறை எல்லை தாண்டி மலேசியாவின் ஜொகூர் பாருவில் இருக்கும் அக்காளைப் பார்க்க இதே வண்டியில்தான் போவேன். எல்லையைக் கடக்கும் சிங்கப்பூர் வண்டியில் குறைந்தது முக்கால் டேங்க் பெட்ரோல் இருக்க வேண்டும் என்பது விதி. முள் முக்காலுக்குக் கீழே நிற்பதால் அந்தப் பயணத்தையும் நிறுத்தி வைத்திருக்கிறேன். டேங்கை இறக்குவதற்கு முன்பே பழுது எங்கே என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

மறுமொழி 1

ஐயா, உண்டு. நான் இருபது ஆண்டுகள் வாகன மின்வேலை பார்த்தவன். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளே பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன.

டேங்குக்குள் ஒரு மிதவை இருக்கிறது. அது ஏறி இறங்கும்போது அதன் கரம் ஒரு மின்தடைப் பட்டையின் மேல் நகர்கிறது. அந்தத் தடையின் அளவைத்தான் டேஷ்போர்டில் உள்ள மீட்டர் பெட்ரோல் அளவாகக் காட்டுகிறது. பல ஜப்பானிய வண்டிகளில் டேங்க் நிறைந்திருக்கும்போது தடை மிகக் குறைவு, சில ஓம் மட்டுமே. காலியாகும்போது நூறு ஓம் அளவுக்கு உயரும். ஆகவே வழியில் எங்கேயாவது துருவோ தளர்ந்த இணைப்போ கூடுதலாக இருபது ஓம் சேர்த்துவிட்டால், முழு டேங்கிலும் முள் மேலே ஏறாது. மழையில் நிலைமை மோசமாகிறது என்பதும் இதையே காட்டுகிறது. பழைய அமெரிக்க பிக்கப் சிலவற்றில் இது நேர்மாறு: காலிக்குச் சுழியம், முழுமைக்குத் தொண்ணூறு ஓம். அவற்றுக்காக எழுதப்பட்ட குறிப்புகளைப் படித்து இங்கே சோதித்தால் முடிவு தலைகீழாகிவிடும் என்பதால் முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

வெப்ப முள் சரியாக இருப்பதால், இரண்டு மீட்டர்களுக்கும் பொதுவான மின்வழியில் குறை இருக்க வாய்ப்பு குறைவு. எஞ்சின் நன்றாக ஓடுவதும் ஒரு தடயம்தான். பம்ப் பல ஆம்பியர் இழுக்கும். அதன் எர்த் வயரில், அதாவது மின்சாரம் வண்டியின் சட்டத்துக்குத் திரும்பும் வயரில், இருபது ஓம் தடை இருந்தால் அது சுற்றவே சுற்றாது. எனவே பழுது எர்த்தில் என்றால், அது மீட்டருக்கென்று தனியாகப் போகும் எர்த்தாகத்தான் இருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இதுதான். டேங்கை நிரப்பி, சாவியை அணைத்து, மிதவையும் பட்டையும் அடங்கிய டேங்க் யூனிட்டின் கனெக்டரைக் கழற்றி, யூனிட் பக்கத்து இரு முனைகளுக்கு இடையே மல்டிமீட்டரால் தடையை அளந்து பாருங்கள். சில ஓம்தான் காட்டினால் முழு அளவில் மிதவையும் பட்டையும் சரி. பிறகு வயர் பக்கத்து இரு முனைகளுக்கு நடுவே ஒரு பத்து ஓம் ரெசிஸ்டரைப் பொருத்தி, சாவியைத் திருப்புங்கள். முள் மெதுவாக நகரும் வகையாக இருக்கலாம், ஆகவே இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். முள் முழுமைக்கு அருகில் போய்விட்டால் வயரும் மீட்டரும் நலம். போகாவிட்டால் டேங்கைத் தொட வேண்டிய தேவையே இல்லை. வயர்களை நேரடியாக ஒன்றோடொன்று தொட வைத்துப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. புதிய மின்னணு மீட்டர்களுக்கு அது ஆபத்து.

மறுமொழி 2

மேலே சொன்னதோடு இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். காய்கறிக் கூடைகளிலிருந்து ஒழுகும் தண்ணீர் எங்கே போகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பிக்கப்பில் அது பின்தட்டின் இடுக்குகள் வழியாக இறங்கி, சட்டத்தின் மேலும் டேங்கின் தலையில் இருக்கும் கனெக்டரின் மேலும்தான் சொட்டும். நான் மீன் ஏற்றிய காலத்தில் என் வண்டியின் எர்த் போல்ட் பச்சை பூத்துக் கிடந்தது. கனெக்டரைத் தொடுவதற்கு முன் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி, பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, சுற்றுப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். ரெசிஸ்டர் சோதனைக்கு மட்டும் பேட்டரியைத் திரும்ப இணைக்க வேண்டியிருக்கும். அப்போது பெட்ரோல் வாடை சிறிதும் இருக்கக் கூடாது.

இரண்டாவது, மிதவையின் கரத்தை வளைத்தால் முள் ஏறிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும். அதை நம்பி ஓடி நடு விரைவுச்சாலையில் நிற்க நேரும். 1989-இல் அரை டேங்க் என்று தொடங்கி, 1991 முதல் முக்கால் டேங்க் என்று உயர்த்தப்பட்ட விதி எல்லைச் சோதனைச் சாவடிகளில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மீட்டரைத் திருத்தி வைப்பது தனிக் குற்றம். நீங்கள் நேர்மையாக நிரப்பியிருந்தாலும் அதிகாரியின் கண்ணில் படுவது முள்தான். பழுது தீரும்வரை பயணத்தை நிறுத்தி வைத்தது சரியான முடிவு.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஞாயிற்றுக்கிழமை மைத்துனருடன் சேர்ந்து எல்லாவற்றையும் சோதித்தேன். முழு டேங்கில் யூனிட் 6 ஓம் காட்டியது. வயர் பக்கத்தில் ரெசிஸ்டரைப் பொருத்தியபோது முள் அதே மூன்றில் இரண்டு பங்கில் நின்றது. பேட்டரி முனையைக் கழற்றிவிட்டு எர்த் வயருக்கும் சட்டத்துக்கும் இடையே அளந்தால் 23 ஓம். கூடைத் தண்ணீர் சொட்டும் இடத்தில், நீங்கள் சொன்னபடியே, எர்த் போல்ட் பச்சையும் வெள்ளையுமாக அரித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வயர் முனையைப் புதிதாக மாற்றி, கிரீஸ் பூசி முறுக்கிய பிறகு, முள் முழுமையைத் தொட்டது. அந்த நொடியில் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை எழுத்தில் சொல்ல இயலாது.

ஆனால் நான்கு நாள் ஓட்டிப் பார்த்ததில், கால் டேங்குக்குக் கீழே வரும்போது முள் இன்னும் துடிக்கிறது. இதுவும் எர்த்தால்தானா?

மறுமொழி 1

இல்லை, ஐயா. எர்த் காரணமாக இருந்தால் எல்லா அளவிலும் துடிக்கும். ஒரே இடத்தில் மட்டும் துடிப்பது அந்தப் பகுதியில் மின்தடைப் பட்டை தேய்ந்திருப்பதைக் காட்டுகிறது. நீங்கள் இரண்டு நாளுக்கொரு முறை நிரப்பும் வழக்கமுடையவர் என்றால் கரம் பெரும்பாலும் அந்த ஒரே எல்லைக்குள்தான் ஓடியிருக்கும். இதற்கு டேங்க் யூனிட்டை மாற்றுவது ஒன்றே தீர்வு, ஆனால் அவசரமில்லை. என்றாவது பம்புக்காக டேங்கை இறக்கும்போது சேர்த்து மாற்றிக்கொள்ளுங்கள். அப்போதும் பம்பைத் தவிர்த்து யூனிட் மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று பாகக் கடையில் முதலில் கேளுங்கள். அதுவரை நிரப்பும் ஒவ்வொரு முறையும் டிரிப் மீட்டரைச் சுழியமாக்கி, கால் டேங்குக்கு முன்பே நிரப்பிவிடுங்கள். பம்ப் பெட்ரோலில் மூழ்கியிருந்துதான் குளிர்கிறது என்பதால் அதற்கும் அது நல்லது.