கேட்டதையே திருப்பிச் சொல்கிறான், தடுக்கலாமா?

மழைத்துளி:
என் மகனுக்கு நாலு வயது, ஆட்டிசம் என்று உறுதியாகி ஆறு மாதம் ஆகிறது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் "தண்ணி வேணுமா" என்றே திருப்பிச் சொல்கிறான். இதைத் தடுக்க வேண்டுமா? கைக்குழந்தையில் நான் அவனோடு சரியாகப் பேசாததால்தான் இப்படி என்று வீட்டில் சொல்கிறார்கள், ராத்திரி தூக்கமே வருவதில்லை.

வாசல்படி:
தடுக்காதீங்க. இதற்கு எக்கோலாலியா என்று பெயர், பல குழந்தைகள் மொழியைப் பிடித்துக்கொள்வதே இந்த வழியில்தான். என் மகள் "தண்ணி வேணுமா" என்றால் அவளுக்குத் தாகம் என்று அர்த்தம். கேள்வியாகக் கேட்காமல், அவன் சொல்ல வேண்டியதை நீங்களே அவன் குரலாக "எனக்குத் தண்ணி வேணும்" என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள், அந்தக் காத்திருப்புதான் கஷ்டம். அப்புறம், வேண்டியதை அவனே படத்தைக் காட்டிக் கேட்கவும் பழக்கலாம், அதனால் பேச்சு நின்றுவிடாது.

இன்னொரு அம்மா:
அந்தப் பழியை மட்டும் சுமக்காதீங்க. தாய் போதிய பாசம் காட்டாததுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே சொன்னார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், அவரும் ஆட்டிசம் உள்ள பையனின் அப்பா, அதை எழுத்திலேயே மறுத்தார். வீட்டில் உங்களைக் குறை சொல்கிறவர்களை ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குக் கூடவே கூட்டிப் போங்கள்.

மழைத்துளி:
இன்று அப்படியே சொல்லிவிட்டுக் காத்திருந்தேன். வார்த்தை வரவில்லை, ஆனால் என் கையைப் பிடித்து டம்ளர் பக்கம் இழுத்தான்.