எழுபதாவது நாளே வேலைக்குப் போன அம்மா நான். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்

வண்ணாரப்பேட்டை அம்மா:

எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் சேல்ஸில் இருக்கிறேன். பையன் பிறந்தது அரசு மருத்துவமனையில், சிசேரியன். அன்றைக்கே நர்ஸம்மா குழந்தையைப் பக்கத்தில் போட்டு சீம்பால் கொடுக்க வைத்தார். பால் நன்றாகவே இருந்தது. ஆனால் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் லோடு வேலை. லோடு வந்தால்தான் கூலி. வாடகை இரண்டு மாத பாக்கி. எழுபதாவது நாள் கடைக்குப் போய்விட்டேன்.

பதினொரு மணிக்கெல்லாம் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லு மாதிரி ஆகிவிட்டது. கஸ்டமருக்குப் புடவை விரித்துக் காட்டும்போதே ஜாக்கெட் நனைகிறது. உள்ளே மடித்து வைத்திருந்த பழைய வேட்டித் துணியும் தாங்கவில்லை. பாத்ரூமில் சுவரைப் பார்த்து நின்று பீச்சினேன். தண்ணீர் ஊற்றியும் வெள்ளையாகவே ஓடியது. அதே நேரத்தில் வீட்டில் ஆயா அவனுக்கு டப்பா பால் கலக்கிக்கொண்டிருந்தார்.

டின் ஒரு வாரம்கூட வராது. மாதக் கடைசியில் மூன்று ஸ்பூன் போடவேண்டிய தண்ணீருக்கு ஆயா இரண்டுதான் போட்டிருக்கிறார். பையனுக்கு எடை ஏறாமல், சுகாதார நிலையத்தில் துருவித் துருவிக் கேட்டபோதுதான் தெரிந்தது. ஆயாவைத் திட்ட மனசு வரவில்லை. என் சம்பளத்தை நீட்டிப்பதற்காகத்தானே செய்தார்.

குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். நாலு மாதத்தில் வற்றிவிட்டது. “இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு எங்க பால் இருக்கு” என்றார்கள் தெருவில். அது இன்னும் வலிக்கிறது.

பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் கடை என்றால் 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-லேயே சட்டம் வந்துவிட்டதாம். எனக்குத் தெரிந்தபோது பையனுக்கு ஒரு வயது. நாங்கள் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் சட்டம் வந்தது, ஸ்டூல் போட்டார்கள். பால் பீச்ச ஒரு மூலை மட்டும் இன்னும் இல்லை.

காசிமேடு அக்கா:

மீன் விற்கிற எங்களுக்கு யாரும்மா லீவு கொடுப்பது? விடிவதற்கு முன்னால் ஏலத்துக்குப் போய்விடுவேன். மூத்தவள் பள்ளிக்கூடம் போகும் முன் தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு வருவாள். கையெல்லாம் செதில் இருக்கும். குடத்துத் தண்ணீரில் முழங்கை வரைக்கும் கழுவிவிட்டு, கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து கொடுப்பேன். அதுவரைக்கும் பக்கத்துக் கூடைக்காரிதான் என் வியாபாரத்தையும் பார்ப்பாள். இரண்டு வயது வரை கொடுத்தேன். டப்பா பால் வாங்கக் காசில்லை என்பதும் உண்மை. ஆனால் எழுந்திரு என்று சொல்ல எனக்கு முதலாளி இல்லை, அதனால்தான் முடிந்தது.

திருவொற்றியூர் டீச்சர்:

அக்கா சொல்வது சரி. பணக்கார நாடுகளில் படித்த, வசதியான அம்மாக்கள்தான் அதிக நாள் தாய்ப்பால் கொடுக்கிறார்கள். நம் மாதிரி நாடுகளில் ஏழை அம்மாக்கள். ஆனால் அதையே சாக்காக வைத்து “அவங்க எப்படியோ சமாளிச்சுக்குவாங்க” என்று விட்டுவிடுகிறோம்.

நான் அரசுப் பள்ளியில் இருக்கிறேன், எங்களுக்கு 12 மாத விடுப்பு. முதல் ஆறு மாதம் தண்ணீர்கூட இல்லாமல் தாய்ப்பால் மட்டும் என்று டாக்டர் சொன்னதை அப்படியே செய்தேன். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணுக்கும் அதே மாதம்தான் பிரசவம். அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணம் தவணையாக வந்தது, அடகு வைத்த கம்மலுக்குப் போய்விட்டது. நாற்பத்தைந்தாம் நாள் வாசலில் வந்து நின்றாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டே வரச் சொன்னேன். அவள் வேலை செய்யும் மற்ற இரண்டு வீட்டிலும் கூடாது என்றார்கள். அவளிடம் கூடுதலாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

கொருக்குப்பேட்டை நர்ஸ்:

பீச்சிய பாலைக் கொட்டாதீர்கள். கொதிக்க வைத்த எவர்சில்வர் டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். நம் வெயிலில் வெளியே நாலு மணி நேரம்கூட நம்பாதீர்கள். அப்புறம், “பால் பத்தலை” என்று யாராவது சொன்னவுடனே டின் வாங்காதீர்கள். குழந்தை நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, எடை ஏறுகிறதா என்று பாருங்கள்.

வண்ணாரப்பேட்டை அம்மா:

நன்றி சிஸ்டர். இப்போது இரண்டாவது, ஆறாம் மாதம். போன வாரம் 26 வாரம் விடுப்பு வேண்டும் என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுத்தேன். நகலில் கையெழுத்து வாங்கி, டிஃபன் பாக்ஸ் பையில் வைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.